மிச்சம் வைக்காத கீழ்ப்படிதல்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் கடவுளுக்குக் கீழ்ப்படிவதைக் குறிக்கப் பெரும்பாலும் வரும் வினை 'ஷாமா'. காதால் கேட்பதற்கும் அதே சொல்தான். உபாகமம் ஆறாம் அதிகாரத்திலுள்ள யூதரின் அன்றாட அறிக்கை இந்த வினையின் ஏவலில் தொடங்குவதால் 'ஷெமா' என்றே பெயர் பெற்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'அகூவோ' என்றால் கேட்டல். 'கீழ்' என்று பொருள்படும் முன்னொட்டு அதனோடு சேர்ந்து 'ஹுபாகூவோ' ஆனால் கீழ்ப்படிதல். இலத்தீனிலும் கீழ்ப்படிதலுக்கான சொல் கேட்டலிலிருந்து பிறந்ததே. ஜெர்மன் மொழியில் கேட்பது 'ஹோரன்', கீழ்ப்படிவது 'கெஹோர்ஹன்'. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்றால் செவிப்புலன் குறைவில்லாத பிள்ளை என்று எவரும் பொருள் கொள்வதில்லை. தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செவியுறுவது, சொற்படி நடப்பது, வினவுவது, வேண்டுவது ஆகிய நான்குமே அதற்குக் 'கேட்டல்'தான்.

நான்கு பொருளும் ஒரு சொல்லில் கூடியது மொழியின் தற்செயலாக இருக்கலாம். ஆனால் கிறிஸ்தவ மரபு 'முழுமையான ஒப்புக்கொடுத்தல்' என்று பேசுவதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது. ஏனெனில் அந்த மரபு கீழ்ப்படிதலுக்கு முன்மாதிரியாகக் காட்டும் மனிதர்களில் பலர் கடவுளிடம் துணிந்து கேள்வி கேட்டவர்கள்.

நம்பிக்கைக்கான எபிரேயச் சொல்லும் கவனிக்கத்தக்கது. 'எமுனா' என்பதன் வேர் 'ஆமென்' என்பதன் வேரே; உறுதியாக நிற்பது, ஆடாமல் தாங்குவது என்பது அதன் அடிப்பொருள். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, சூரியன் மறையும்வரை அவை அசையாதிருந்தன என்று யாத்திராகமம் சொல்லும் இடத்தில் வரும் சொல் இதுதான். ஆகவே எபிரேய வழக்கில் நம்பிக்கை என்பது ஒரு கருத்தை மனம் ஏற்றுக்கொள்வதைவிட, ஒருவரோடு உறுதியாக நிற்பதையே முதன்மையாகச் சுட்டுகிறது. தமிழ் வேதாகமங்கள் இச்சொல்லோடு பட்ட பாடு தனிக் கதை. 1871ஆம் ஆண்டின் பவர் பதிப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என வரும் மூன்றும் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என மாறின. ஒரே 'நம்பிக்கை' ஒரு பதிப்பில் வருங்காலத்தை நோக்குகிறது; மற்றொன்றில் கடவுளைப் பற்றி நிற்கிறது.

இவ்விரு சொற்களையும் இணைத்தவர் பவுல். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் ஒரே தொடராக்கி வைக்கிறார். அத்தொடருக்கு 'விசுவாசத்திலிருந்து பிறக்கும் கீழ்ப்படிதல்' என்றும் 'விசுவாசமாகிய கீழ்ப்படிதல்' என்றும் இருவிதமாக உரை கண்டிருக்கிறார்கள். எதைக் கொண்டாலும் ஒன்றை விட்டு மற்றொன்றை வைத்துக்கொள்ள முடியாது என்பது தெளிவு.

சவுலின் ஆடுகள்

'தயக்கமின்றி', 'நிபந்தனையின்றி' என்றெல்லாம் பிரசங்கங்களில் சொல்லப்படுவதன் வேதாகமப் பொருளைத் தேடினால், அது மிச்சம் வைத்தல் என்ற குற்றத்துக்கு எதிர்ப்பதமாகவே வருகிறது. இதற்கு முதல் சான்று சவுல் அரசன். சாமுவேலின் முதல் புத்தகம் பதினைந்தாம் அதிகாரத்தில், அமலேக்கியரையும் அவர்களுடைய உடைமைகளையும் முற்றிலும் அழிக்கும்படி அவனுக்குக் கட்டளை வருகிறது. இன்றைய வாசகரை நெளியவைக்கும் கட்டளை இது. பழங்கால உரையாசிரியர்களும் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கதை சொல்பவரின் கவனமோ வேறோர் இடத்தில் இருக்கிறது. சவுல் போரில் வென்றான். ஆனால் ஆகாக் அரசனையும், கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டான். சாமுவேல் வந்து நின்றபோது, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று அவனே முந்திக்கொண்டு சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்பது தீர்க்கதரிசியின் மறுமொழி.

எபிரேய மூலத்தில் அந்த அதிகாரம் முழுவதும் 'ஷாமா' என்ற ஒரே வினையைச் சுற்றிப் பின்னப்பட்டது. கடவுளின் குரலைக் கேள் என்று தொடங்குகிறது. சாமுவேலின் காதில் ஆடுகள் கேட்கின்றன. பலியைவிடக் கேட்டலே மேல் என்று தீர்ப்பு வருகிறது. கடைசியில், மக்களுக்குப் பயந்து அவர்கள் குரலைக் கேட்டேன் என்று சவுல் ஒப்புக்கொள்கிறான். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் நான்காகச் சிதறிவிடுவதால் இந்த நெசவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சவுல் கேட்காமல் போனவன் அல்லன். இரண்டு குரல்களைக் கேட்டவன். மிச்சம் வைத்த ஆடுகளுக்கு அவன் சொன்ன காரணமும் பக்தியானது: அவை பலிக்காகவாம்.

புதிய ஏற்பாட்டில் இதன் இணை அனனியா, சப்பீராள் தம்பதி. நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு, மீதியை முழுத்தொகை என்று அப்போஸ்தலரிடம் கொடுத்தார்கள். 'எடுத்து வைத்துக்கொண்டார்கள்' என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் ஆளும் கிரேக்க வினை அரிதானது. எரிகோவில் விலக்கப்பட்ட பொருளை ஆகான் திருடியதைச் சொல்லும் யோசுவா ஏழாம் அதிகாரத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே வினை வருகிறது. நடபடிகளை எழுதிய லூக்கா அதை நினைவில் வைத்தே எழுதியிருக்க வேண்டும். நிலமும் பணமும் உன் வசத்தில்தானே இருந்தன என்று பேதுரு கேட்பதிலிருந்து, எல்லாவற்றையும் கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது விளங்கும். குறைவாகக் கொடுத்தது குற்றமாகவில்லை. குறைவை நிறைவாகக் காட்டியதே குற்றமானது.

மோரியா மலை

முழுமையான கீழ்ப்படிதலுக்கு யூதரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் காட்டும் முதல் பெயர் ஆபிரகாம். ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், முதுமையில் பிறந்த மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா தேசத்துக்குப் போகும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. மூன்று நாள் பயணம். கத்தி ஓங்கிய நேரத்தில் தடுக்கும் குரல். புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா. யூத மரபு இதைப் பலி என்று அழைப்பதில்லை. 'அக்கேதா', அதாவது கட்டுதல் என்கிறது. ஈசாக்கைச் சிறுவனாக வரைவது ஓவியர்களின் பழக்கம். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அவனுக்கு 25 வயது என்கிறார். ரபிகளின் மரபு ஒன்று 37 என்கிறது. அப்படியானால் கட்டப்பட்டவனும் சம்மதித்துக் கட்டுண்டவன்.

இந்த அதிகாரத்தில் ஆபிரகாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதைப் பலர் மெச்சுகிறார்கள். நான்கு அதிகாரங்களுக்கு முன்னால் அவரே சோதோமுக்காகக் கடவுளிடம் பேரம் பேசியவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை இறக்கி, நீதிபதியே அநீதி செய்யலாமா என்ற பொருளில் வாதாடியவர் அவர். மோரியாவுக்கு மௌனமாக நடந்தவரும் அவரே. அந்த வாதத்துக்குப் பின்னால் வந்த மௌனம் இது என்பதை விட்டுவிட்டுப் படித்தால் கதை வெறும் அடிமைத்தனத்தின் கதையாகிவிடும்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆசிரியர் அந்த மௌனத்தின் உள்ளே நுழைந்து பார்க்கிறார். மரித்தவனையும் எழுப்பக் கடவுளால் முடியும் என்று ஆபிரகாம் எண்ணினார் என்பது அவரது விளக்கம். அதற்கு அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல் கணக்குப் பார்ப்பதற்கு வணிகர்கள் சொல்லும் சொல். வாக்குறுதி ஈசாக்கின் வழியாகவே நிறைவேற வேண்டும், ஈசாக்கோ சாகவேண்டும், வாக்குக் கொடுத்தவர் பொய் சொல்லாதவர். இந்த மூன்றையும் கூட்டினால் விடை ஒன்றுதான். முழு நம்பிக்கை என்றால் அறிவை வாசலில் கழற்றி வைப்பது என்ற பரவலான எண்ணத்துக்கு இந்த ஒரு சொல் போதுமான மறுப்பு.

பவுலும் யாக்கோபும் ஆபிரகாமை வைத்து முரண்படுவதாக ஒரு பழைய வழக்கு உண்டு. ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரத்துச் செய்தியைப் பவுல் பிடித்துக்கொள்கிறார். யாக்கோபு அதே செய்தியை மோரியா நிகழ்ச்சியோடு முடிச்சுப்போட்டு, செயலில்லாத விசுவாசம் செத்தது என்கிறார். இதனால் எரிச்சலுற்ற மார்ட்டின் லூத்தர் 1522ஆம் ஆண்டின் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். இருவரும் எதிர்கொண்ட கேள்வி வேறு என்பதைக் கவனித்தால் வழக்கின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. செயலால் கடவுளைக் கடனாளியாக்க முடியுமா என்பதற்குப் பவுல் பதில் சொல்கிறார். செயலில் வராததை விசுவாசம் என்று அழைக்கலாமா என்பதற்கு யாக்கோபு.

அறவியலாரின் வழக்கு அவ்வளவு எளிதில் தீர்வதாக இல்லை. 1798இல் வெளிவந்த ஒரு நூலின் அடிக்குறிப்பில் இம்மானுவேல் கான்ட், ஆபிரகாம் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். மகனைக் கொல்லக் கூடாது என்பது உறுதி. பேசுவது கடவுள் என்பதோ உறுதியில்லை. உறுதியற்றதற்காக உறுதியானதை விடலாமா என்பது அவர் வாதம். 1843இல் டேனிஷ் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககார்ட் 'அச்சமும் நடுக்கமும்' என்ற நூலைப் புனைபெயரில் வெளியிட்டு இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். விசுவாசம் பொது அறத்துக்குள் அடங்காது, ஆபிரகாமை ஒன்று விசுவாசத்தின் தந்தை என்னவேண்டும் அல்லது கொலைகாரன் என்னவேண்டும், நடுவில் வசதியான இடம் கிடையாது என்பது அந்நூலின் போக்கு. கீர்க்ககார்ட்டை மேற்கோள் காட்டும் பலர் அந்நூலின் அச்சத்தையும் நடுக்கத்தையும் விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கான்ட்டின் எச்சரிக்கையிலும் ஓர் உண்மை இருக்கிறது. பின்னால் வரப்போகும் செய்திகள் அதைக் காட்டும்.

அதிகாரத்தின் முடிவில் வரும் பாராட்டு, மகனையும் நீ எனக்குத் தராமல் பிடித்துவைக்கவில்லை என்பது. மிச்சம் வைக்காமை இங்கே நேர்ச்சொல்லாகவே வந்துவிடுகிறது. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள அதே வினையைப் பவுல் ரோமர் எட்டாம் அதிகாரத்தில் எடுத்து, தம் மகனையும் தப்பவிடாத கடவுளைப் பற்றிச் சொல்கிறார். ஆபிரகாம் செய்யத் துணிந்து செய்யாமல் நின்றதைக் கடவுள் செய்துமுடித்தார் என்பது பவுலின் வாசிப்பு. கிறிஸ்தவ மரபில் மனிதனிடம் முழுமை கேட்கப்படுவதற்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது. மிச்சம் வைக்காமல் கொடுத்தவருக்கே மிச்சம் வைக்காமல் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கேள்வியும் சம்மதமும்

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லவந்த தேவதூதனிடம் இரண்டு பேர் கேள்வி கேட்கிறார்கள். ஆசாரியனான சகரியா கேட்டு ஊமையாகிறார். நாசரேத்தூர்ப் பெண் மரியாள் கேட்டு விடை பெறுகிறாள். நிறுத்திப் படித்தால் கேள்விகளின் வேறுபாடு தெரியும். இதை நான் எதனால் நம்புவது என்று அவர் உத்தரவாதம் கேட்கிறார். இது எப்படி நடக்கும் என்று அவள் வழி கேட்கிறாள். உத்தரவாதம் கையில் வந்த பிறகு கொடுக்கும் சம்மதத்தில் நம்பிக்கைக்கு வேலையில்லை.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். பிறகு தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை விட்டுக்கொடுத்தார். இந்த ஜெபம் ஏழாம் நூற்றாண்டில் ஒரு பேரரசையே கலக்கிய சர்ச்சைக்கு மையமாயிற்று. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் உண்டு என்ற கோட்பாட்டைக் கான்ஸ்தாந்திநோபிள் அரசவை அரசியல் சமரசமாக ஆதரித்தது. துறவி மாக்ஸிமஸ் அதை மறுத்தார். கிறிஸ்துவுக்கு மனித சித்தம் என்ற ஒன்று இல்லையென்றால் கெத்செமனேயில் யார் யாருக்குக் கீழ்ப்படிந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். சித்தமே இல்லாதவன் பணிவதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயரில்லை. மாக்ஸிமஸின் நாவையும் வலக்கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். 662இல் இன்றைய ஜார்ஜியாப் பகுதியில் இறந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், கிறிஸ்துவுக்குத் தெய்வ சித்தத்தோடு மனித சித்தமும் உண்டு, அது அழியாமலே இசைந்தது என்று அறிவித்தது. கீழ்ப்படிதலைப் பற்றிச் சபை எடுத்த முடிவுகளில் இதற்கு இணையானது வேறில்லை.

மடத்துக்குள்

கேட்டலை வாழ்க்கைமுறையாக ஆக்கிப் பார்த்த இடம் துறவியர் மடம். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மடவிதி 'கேள்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஐந்தாம் அதிகாரம் தாமதமில்லாத கீழ்ப்படிதலை வற்புறுத்துகிறது. கையிலுள்ள வேலையைப் பாதியில் விட்டு எழவேண்டும். அதே விதியின் மூன்றாம் அதிகாரம், முக்கியக் காரியங்களில் மடத்தலைவர் எல்லோரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. இளையவனுக்கே கடவுள் நல்லதைக் காட்டுவதுண்டு என்பது அது சொல்லும் காரணம். அறுபத்தெட்டாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. முடியாத வேலை ஒன்று இடப்பட்டால் என்ன செய்வது? முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்; பாரம் அளவு கடந்தது என்று கண்டால், தக்க நேரத்தில் பொறுமையாகக் காரணம் சொல்ல வேண்டும்; அதன் பிறகும் தலைவர் மாறாவிட்டால் கடவுளின் துணையை நம்பிச் செய்ய வேண்டும்.

இதன் கடுமையான வடிவம் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸிடம் காணப்படுகிறது. போர்ச்சுகலில் சபைக்குள் ஒழுங்கு குலைந்திருந்த காலத்தில், 1553 மார்ச் 26இல் அங்குள்ள துறவியருக்கு எழுதிய கடிதத்தில் கீழ்ப்படிதலுக்கு மூன்று படிகள் வகுத்தார். செயலால் பணிவது கீழ்ப்படி. விருப்பத்தால் பணிவது நடுப்படி. அறிவாலும் இசைவது மேற்படி. சபையின் சட்டத்தில் பிணத்தையும், முதியவர் கையிலுள்ள ஊன்றுகோலையும் உவமையாக்கினார். எதிரிகளின் கையில் பிண உவமை அச்சபைக்கு எதிரான ஆயுதமாயிற்று. பாவம் இல்லாத காரியங்களில் மட்டும் என்று அதே சட்டம் வரம்பு கட்டியதையும், ஜெபித்துத் தெளிந்த மாற்றுக் கருத்தை மேலதிகாரியிடம் எடுத்துரைக்கலாம் என்று அதே கடிதம் இடம் விட்டதையும் அவர்கள் சொல்வதில்லை. சபையின் ஆதரவாளர்களும் சில காலங்களில் சொல்லவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இக்னேஷியஸுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தாமஸ் அக்குவினாஸ் இவ்வரம்பைத் தெளிவாக வரைந்திருந்தார். கடவுளுக்கு எல்லாவற்றிலும் பணியவேண்டும். மனிதருக்கு எல்லாவற்றிலும் பணியவேண்டியதில்லை. கடமைப்பட்டவற்றில் மட்டும் பணிவது போதுமான கீழ்ப்படிதல், முறையான எல்லாவற்றிலும் பணிவது நிறைவான கீழ்ப்படிதல், முறையற்றதிலும் பணிவது விவேகமற்ற கீழ்ப்படிதல் என்று அவர் பிரித்தார். மூன்றாவதை அவர் புண்ணியக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பமும் மருந்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பிக்கையின் முழுமை பணப்பையில் சோதிக்கப்பட்டது. எக்ஸெட்டர் நகரின் பல் மருத்துவர் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் 1825இல் வெளியிட்ட சிறு நூலில், சேமித்து வைப்பதை விட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதே இயேசுவின் நேர்ப்பொருள் என்று வாதிட்டார். அவரே தொழிலை விட்டுப் பாக்தாத் சென்றார். அவருடைய தங்கையை 1830இல் மணந்த போதகர் ஜார்ஜ் முல்லர் அதே ஆண்டில் நிலையான ஊதியத்தை மறுத்தார். 1836இல் பிரிஸ்டலில் அவர் தொடங்கிய அநாதை இல்லம் பின்னர் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்களாக வளர்ந்தது; அவர் காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது விதி. வரவுசெலவை அணுப்பிசகாமல் எழுதி ஆண்டறிக்கையாக அச்சிட்டார். அறிக்கை வெளியிடுவதே ஒருவகைக் கேட்டல்தானே என்று குறை சொன்னவர்கள் அன்றே இருந்தார்கள். முற்றிலும் தள்ளிவிடக்கூடிய குறை அல்ல அது. ஆனால் கணக்கில்லாத நம்பிக்கைக்குக் கணக்குப்பிள்ளையின் நேர்மை தேவைப்பட்டது என்பதையும் அந்த அறிக்கைகளே காட்டுகின்றன.

இந்தக் கிளை தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவரோடு சேர்ந்து, மிஷன் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்யும் வழியைத் தேர்ந்தார். கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை உருவாக்கினார். வெள்ளைக்கார மிஷன்களின் ஊதியப் பட்டியலில் தமிழ் உபதேசியார்கள் இருந்த காலத்தில், சம்பளம் வேண்டாம் என்பதற்கு ஆன்மிகப் பொருளோடு வேறொரு பொருளும் இருந்தது. 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலோடு அருளப்பன் பெயர் பிரிக்க முடியாதது. பின்னாளில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அதே விதியைக் கைக்கொண்டார். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையறையிலேயே கழித்தார். குணமாகும்படி செய்யப்பட்ட ஜெபங்கள் அவர் விரும்பியபடி கேட்கப்படவில்லை.

அந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. நம்பினால் கேட்டது கிடைத்தே தீரும் என்று கற்பிப்பது நம்பிக்கையைக் கடவுளின்மேல் வைத்த நிபந்தனையாக மாற்றிவிடுகிறது. வனாந்தரச் சோதனையில் தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசு, தேவதூதர் தாங்குவார்கள் என்ற சங்கீத வாக்குறுதியைக் காட்டித்தான் தூண்டியது. கடவுளைச் சோதிக்காதே என்ற உபாகம வசனத்தால் இயேசு மறுத்தார். வாக்குறுதியை நம்புவதற்கும் வாக்குறுதியைக் கொண்டு கடவுளை நெருக்குவதற்கும் இடையிலுள்ள கோடு அங்கே விழுகிறது. இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் தோன்றிய 'தனிச்சிறப்பு மக்கள்' என்னும் குழுவினர் மருத்துவத்தை அவிசுவாசம் என்று ஒதுக்கினார்கள். 1899இல் நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவம் மறுத்த தந்தை ஒருவருக்கு மரணம் விளைவித்த குற்றத்துக்கான தீர்ப்பை ஆங்கிலேய நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் மற்றபடி அன்பான தந்தை என்பதை நீதிமன்றமும் அறிந்திருந்தது. தன் உயிரை ஒப்புக்கொடுப்பவனுக்குப் பிறர் உயிரை ஒப்புக்கொடுக்கும் உரிமை வந்துவிடுவதில்லை; ஈசாக்கின் கட்டு அவிழ்க்கப்பட்ட கதையை வாசிப்பவர்கள் இதைப் பார்க்கத் தவறக்கூடாது.

கடவுளுக்குரிய முழுமையை மனிதத் தலைவர் ஒருவர் தமக்கு எடுத்துக்கொண்டால் நேர்வதற்கு 1978 நவம்பர் 18இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் தங்கள் மதக்குழுத் தலைவரின் ஆணையில் மாண்ட 900க்கும் மேற்பட்டோர் சாட்சி.

ஜெர்மனி, 1934

1934 மே இறுதியில் ஜெர்மனியின் பார்மனில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் கூடி ஆறு கூற்றுகள் கொண்ட அறிக்கையை ஏற்றார்கள். அதன் முதன்மை ஆசிரியர் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பார்த். முதற்கூற்று, வேதாகமம் சாட்சியிடும் இயேசு கிறிஸ்துவே கடவுளின் ஒரே வார்த்தை என்று சொல்லி, வாழ்விலும் சாவிலும் அவருக்குச் செலுத்த வேண்டியவற்றை மூன்று வினைகளில் வைத்தது: கேட்பது, நம்புவது, கீழ்ப்படிவது. அரசியல் பேசாத அறிக்கைபோல் தெரியும். ஆனால் ஹிட்லரின் எழுச்சியிலும் இனத்திலும் மண்ணிலும் கடவுள் பேசுகிறார் என்று 'ஜெர்மன் கிறிஸ்தவர்' இயக்கம் முழங்கிக்கொண்டிருந்த நாளில், ஒரே வார்த்தை என்ற சொல்லே வாள்வீச்சு. மறுபக்கம், பார்மன் அறிக்கை யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்த் பின்னாளில் தம் குற்றமாகவே ஒப்புக்கொண்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு ஊழியர் அனைவரும் ஹிட்லர்மேல் நேரடியாக விசுவாச உறுதிமொழி எடுக்கச் சட்டம் வந்தது. பேராசிரியர்களும் அரசு ஊழியர்களே. பார்த் மறுக்கவில்லை. சுவிசேஷக் கிறிஸ்தவனாக என் பொறுப்புக்கு இசைந்த அளவில் என்று பொருள்படும் ஓர் இணைப்பைச் சேர்க்க அனுமதி கேட்டார். நவம்பரில் பணியிடைநீக்கம். 1935 ஜூனில் அமைச்சர் அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார். சில நாள்களில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. கடவுளிடம் நிபந்தனை வைக்கக்கூடாது என்று எழுதிய கைதான் ஹிட்லரிடம் நிபந்தனை வைத்தது. இரண்டும் ஒரே செயல். ஓரிடத்தில் மிச்சம் வைக்காதவன் மற்ற எல்லா இடத்திலும் மிச்சம் வைத்தே ஆகவேண்டும். மனிதரைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடமை என்று அப்போஸ்தலர்கள் எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னதன் நடைமுறை உருவம் இது.

எல்லோரும் அப்படி நிற்கவில்லை. 1938இல் ஆயர்களும் ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று சபை நிர்வாகம், ஹிட்லரின் பிறந்தநாள் பரிசுபோல, ஆணையிட்டது. அரசை எதிர்த்த அறிக்கைச் சபையின் ஆயர்களிலும் மிகப் பலர் எடுத்தார்கள். சில வாரங்களில் நாத்சிக் கட்சியின் உயர் அதிகாரி மார்ட்டின் போர்மனின் சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று: இந்த உறுதிமொழியைக் கட்சியோ ஹிட்லரோ கேட்கவில்லை, அது சபையின் சொந்த விவகாரம். கேட்காதவனுக்குக் கொடுத்த கீழ்ப்படிதல் என்று இதைச் சொல்லலாம்.

அந்த உறுதிமொழியை எதிர்த்தவர்களில் ஒருவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். பால்டிக் கடற்பக்கத்துப் ஃபின்கன்வால்டேயில் அறிக்கைச் சபையின் இறையியல் மாணவர்களுக்குக் கற்பித்தவர். 1937இல் இரகசியப் போலீசான கெஸ்டாபோ அக்கல்லூரியை மூடியது. அதே ஆண்டில் 'சீஷத்துவம்' குறித்த அவர் நூல் வெளிவந்தது. விசுவாசிப்பவன்தான் கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிபவன்தான் விசுவாசிக்கிறான் என்ற இரண்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும் என்பது அதன் மையம். முதலாவதை மட்டும் பிடித்தால் மன்னிப்பு மலிவுச் சரக்காகும். இரண்டாவதை மட்டும் பிடித்தால் மனிதன் தன் நற்செயலால் இரட்சிப்பு வாங்கப் பார்ப்பான். கட்டளையை விளக்கியே நீர்த்துப்போகச் செய்யும் படித்தவர்களைக் கேலிசெய்ய அவர் ஒரு குழந்தையைக் கொண்டுவருகிறார். தூங்கப் போ என்று அப்பா சொல்கிறார். நான் களைத்திருக்கிறேன் என்றுதான் அவர் அப்படிச் சொல்கிறார். விளையாடினாலும் களைப்புத் தீரும். ஆகவே விளையாடப் போ என்பதே அவர் சொன்னதன் உட்பொருள் என்று குழந்தை முடிவுகட்டுகிறது. சவுலின் ஆடுகள் வேறு உருவில் திரும்பி வந்த இடம் இது.

எளிமையான கீழ்ப்படிதலை இப்படி எழுதியவர், சில ஆண்டுகளில் எளிமையற்ற ஒரு செயலுக்குள் இறங்கினார். ஜெர்மன் இராணுவ உளவுத்துறையில் ஊழியராக இருந்துகொண்டே ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் பங்கெடுத்தார். பொய்யும் மறைப்பும் கொலைத் திட்டமும் கலந்த வேலை. அதில் தாம் குற்றமற்றவர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 1942இன் முடிவில் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையில் ஜெர்மானியர் கீழ்ப்படிதலின் வலிமையை நன்றாகக் கற்றார்கள், அந்தப் பணிவு தீமைக்கும் பயன்படுத்தப்படலாம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற கருத்தை முன்வைத்தார். மனசாட்சி, கொள்கை, கடமை ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு நின்றவர்கள் தீமையின் முன் தோற்றதையும் அங்கே வரிசையாகக் காட்டுகிறார். கான்ட்டின் கேள்விக்கும் கீர்க்ககார்ட்டின் விடைக்கும் நடுவில் ஒரு மனிதன் உண்மையாகவே மாட்டிக்கொண்ட இடம் அது.

1943 ஏப்ரலில் கைதான அவர் பெர்லின் டேகல் சிறையில் இருந்தபோது, 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. மறுநாள் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் 'சீஷத்துவம்' நூலைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அந்நூலில் உள்ள ஆபத்துகள் இப்போது தமக்குத் தெளிவாகத் தெரிகின்றன என்று அதில் ஒப்புக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.